தண்ணீர் வந்த வழி, கழிவுநீர் போன வழி

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைச் சீரமைக்கும் தீர்மானம் விவாதத்துக்கு வருமுன் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அவர் ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்.)

 செயலாளர் தம்பி எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். "சார், பழைய மெட்ராஸ் கதை ஏதாவது சொல்லுங்க, கூட்டம் கொஞ்சம் உட்காரும்" என்றார். கதை சொல்கிறேன். ஆனால் அது நம் வளாகத்துக் கதையாகவும் இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் சொந்த ஊர் எளாவூர். கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ரயில் நிலையம். கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. கடலோரத்துக் குப்பங்களில் என் பாட்டி காலத்தில் குடிதண்ணீருக்கு மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள். சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்ப வேண்டும். ஊற்றுக்கு மேல்புறம் யாரும் கால் கழுவக்கூடாது, ஆடு மாடு வரக்கூடாது. அதற்கு மேல் யாருக்கும் சுகாதாரக் கல்வி கிடையாது. பின்னாளில் முப்பது வருடம் சுகாதார ஆய்வாளர் வேலை பார்த்தபோது நான் கிராமம் கிராமமாகச் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். தண்ணீர் எடுக்கும் இடமும் கழிவு விடும் இடமும் ஒன்றையொன்று தொடக்கூடாது.

இப்போது மெட்ராஸுக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டைக்கு அடிபோட்டது 1639-ல். குழாய் வழியாகத் தண்ணீர் தரும் முதல் ஏற்பாடு வந்தது 1772-ல். நூற்று முப்பது வருடம் கழித்து. அதுவும் யாருக்கு? கோட்டைக்கு. கோட்டைக்கு வடக்கே, இன்றும் ஏழு கிணறு என்று பெயருள்ள பகுதியில் தோண்டிய கிணறுகளிலிருந்து தண்ணீர் போனது. கிணறு இருந்த கறுப்பர் நகரத்து மக்கள் தெருக்கிணற்றையும் குளத்தையும் நம்பியிருந்தார்கள். அந்தக் கிணறுகளுக்குப் பக்கத்திலேயே கழிவுக்குழிகளும் இருந்தன.

நகரத்தில் ஆண்டுதோறும் காலரா. ஆங்கிலேயர்களை இது உலுக்கியது எப்போது என்றால், தங்கள் பட்டாளம் செத்தபோது. 1863-ல் வெளிவந்த அரச ஆணைய அறிக்கை, இந்தியாவில் இருக்கும் ஆங்கிலப் படைவீரர்களில் ஆயிரத்துக்கு 69 பேர் ஆண்டுதோறும் இறக்கிறார்கள் என்றது. பெரும்பாலும் போரில் அல்ல, நோயில். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராத ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல்தான் அந்த அறிக்கைக்குப் பின்னால் இருந்த மூளை. அதன் பலனாக 1864-ல் மெட்ராஸில் ஒரு சுகாதார ஆணையம் அமைந்தது.

அடுத்த வருடமே, 1865-ல், கேப்டன் ஹெக்டர் டல்லக் என்ற பொறியாளர் மெட்ராஸின் கழிவுநீர் வடிகால் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். இந்த வருடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1865.

கூடவே தண்ணீர்த் திட்டமும் நடந்தது. தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலை ஆற்றுக்கு அணை கட்டி, தண்ணீரைச் சோழவரம் ஏரிக்குத் திருப்பி, அங்கிருந்து புழல் ஏரிக்கு, புழலிலிருந்து கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு, அங்கிருந்து இரும்புக் குழாயில் தெருத்தெருவாக. 1872-ல் தண்ணீர் வந்துவிட்டது. பெரிய சாதனைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வடிகால்? பாதாளச் சாக்கடை முதன்முதலாக 1890களில்தான் கறுப்பர் நகரப் பகுதியில் தொடங்கியது. நகரத்துக்கென்று முறையான அமைப்பு வடிவமைக்கப்பட்டது 1910-ல். டல்லக் அறிக்கை எழுதி 45 வருடம்.

நடுவில் இருந்த அந்த வருடங்களை யோசித்துப் பாருங்கள். குடத்தில் தண்ணீர் சுமந்தவரை வீட்டில் செலவாவது கொஞ்சம்தான், வெளியேறுவதும் கொஞ்சம்தான். குழாய் வந்ததும் செலவு பெருகும், தெருவோடு ஓடுகிற அழுக்குத் தண்ணீரும் பெருகும். அது தெருவோரத் திறந்த சாக்கடையில் தேங்கி, கூவத்துக்கும் கால்வாய்க்கும் போனது. மலத்தைத் தலையிலும் வண்டியிலும் சுமந்து அப்புறப்படுத்தியவர்கள், சாதியின் பெயரால் அந்த வேலைக்குத் தள்ளப்பட்ட மனிதர்கள். நகரத்தின் உண்மையான வடிகால் அமைப்பு அவர்கள்தான். எந்த அறிக்கையும் அவர்களைப் பொறியாளர் என்று எழுதவில்லை.

கொண்டுவரும் குழாய்க்குப் பணம் கிடைத்துவிடும். கொண்டுபோகும் குழாய்க்குக் கிடைக்காது. கிடைத்தாலும் நாற்பது வருடம் கழித்து. கவர்னர் திறந்துவைக்க ஒரு நீரூற்று இருந்தால் அழகாக இருக்கும். சாக்கடையை யார் திறந்துவைப்பார்கள்? நம் வளாகத்தில் நீச்சல் குளத்துக்கு ஓடு மாற்ற நிதி சேர எத்தனை நாளாயிற்று, சுத்திகரிப்பு நிலைய மோட்டாருக்கு எத்தனை மாதமாகியும் சேரவில்லை என்பதைப் பொருளாளர் அம்மாவிடம் கேளுங்கள்.

1872-ல் வந்த தண்ணீரும் சுத்தமாக இல்லை. புழலிலிருந்து திறந்த கால்வாயில் வந்தது. வழியில் வயல், மாடு, மனிதர்கள். வடிகட்டல் கிடையாது. காலராவுக்குக் காரணம் கெட்ட காற்றா, தண்ணீரா என்ற சண்டையே அப்போது முடியவில்லை. லண்டனில் ஜான் ஸ்னோ 1854-லேயே ஒரு தெருப் பம்பைக் காட்டிச் சொன்னார், பலர் ஏற்கவில்லை. ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்து கிருமியை உறுதிசெய்தது 1884-ல். அதற்குப் பிறகும் முப்பது வருடம் கழித்து, 1914-ல்தான் புழலிலிருந்து மூடிய கால்வாயும் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் வந்தன. அதைச் செய்து முடித்த பொறியாளர் மேட்லி. தி.நகரில் மேட்லி சாலை இருக்கிறதே, அவர் பெயர்தான். மழை பெய்தால் முதலில் மூழ்கும் சுரங்கப்பாதைகளில் ஒன்றுக்கு ஒரு தண்ணீர்ப் பொறியாளர் பெயர் அமைந்தது நம்மூர் நகைச்சுவை.

அந்த மணல் வடிகட்டி பற்றி ஒரு வார்த்தை. நிறையப் பேர் மணல்தான் அழுக்கைத் தடுக்கிறது என்று நினைக்கிறார்கள். மணலின் மேல் சில நாட்களில் ஒரு வழவழப்பான படலம் படியும். நுண்ணுயிர்களால் ஆன படலம். கிருமிகளைப் பிடித்துத் தின்பதில் பெரிய பங்கு அதற்குத்தான். அதனால் தண்ணீர் மெதுவாக இறங்க வேண்டும். அவசரப்பட்டால் வேலை செய்யாது. என் ஊற்றுக் கதையும் இதுதான். மணல், மெதுவான கசிவு, மேலே காவல்.

சரி, 1910-ல் வடிவமைத்த சாக்கடைக்கு என்ன ஆயிற்று? 1961-ல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். 1961 கணக்கெடுப்பில் மெட்ராஸில் இருந்தவர்கள் 17 லட்சத்துக்கு மேல். ஐம்பது வருடம் முன்னால் பார்த்துக் கட்டியதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். நம் பில்டர் ஐந்து வருடம்கூடப் பார்க்கவில்லை. குழாயில் எப்போதும் தண்ணீர் ஓடினால் உள்ளிருக்கும் அழுத்தம் வெளியிலிருப்பதை உள்ளே விடாது. குறிப்பிட்ட நேரம் மட்டும் விட்டால், மீதி நேரம் குழாய் காலி. பக்கத்தில் உடைந்த சாக்கடை இருந்தால், விரிசல் வழியாக அது உள்ளே வரும். தண்ணீர் வராத நேரத்துக்குச் சேர்த்துவைக்கத்தான் சம்ப்பும் மேல்நிலைத் தொட்டியும் வந்தன. அதில் நல்ல தண்ணீரில் முட்டையிடும் கொசுக்களும் வந்தன. நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கிணற்றையும் மாடித் தொட்டியையும் விரும்பும். டெங்கு பரப்பும் ஏடிஸ் உங்கள் ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டே போதும் என்னும்.

இனி நம் வளாகம். போன நவம்பரில் ஏழு பேருக்கு மஞ்சள் காமாலை. நான்கு பேர் குழந்தைகள். எல்லாரும் பி பிளாக், சி பிளாக். அந்த வாரம் வாட்ஸ்அப் குழுவில் நாம் என்ன பேசினோம் என்று நினைவிருக்கிறதா? வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களை ஒரு வாரம் நிறுத்தலாமா, கேன் தண்ணீர் போடும் பையனைக் கேட்டுக்கு வெளியிலேயே இறக்கச் சொல்லலாமா. அதில் ஒரு செய்தி நானும் போட்டேன், மறுக்கவில்லை. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தபோது சென்னை மாகாணம் செய்ததும் இதுதான். ரயில் நிலையங்களில் பயணிகளைச் சோதித்தார்கள், நோய் இருக்கும் ஊரிலிருந்து வந்தவர் கையில் பிளேக் பாஸ்போர்ட் கொடுத்து, சில நாள் அதிகாரியிடம் தலைகாட்ட வைத்தார்கள். 1897-ல் தொற்றுநோய்ச் சட்டமே வந்தது. அதே சட்டத்தைத்தான் 2020-ல் கொரோனாவுக்கும் எடுத்தோம், எளாவூர் சோதனைச்சாவடியில் இ-பாஸ் கேட்டு நின்ற வரிசை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சில நோய்க்குக் கேட்டில் தடுப்பது உதவும். காமாலை கேட் வழியாக வரவில்லை.

எப்படி வந்தது? பிளம்பர் தம்பியும் நானும் சம்ப்பைக் காலி செய்து பார்த்தோம். கிழக்குச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் விரிசல். அந்தப் பக்கம் நான்கு மீட்டரில் கழிவுநீர்த் தொட்டி. சுத்திகரிப்பு நிலையம் ஓடாததால் அந்தத் தொட்டி எப்போதும் விளிம்புவரை நிறைந்திருக்கிறது. மழையில் நிலத்தடி நீர் மேலே ஏறுகிறது. இரவில் சம்ப் தண்ணீர் குறையும்போது வெளியிலிருந்து உள்ளே கசிகிறது. காலையில் லாரித் தண்ணீர் இறங்கி நிரம்பினால், பார்க்கத் தெளிவாக இருக்கும்.

"தண்ணீரை லேபில் கொடுத்தோம், நன்றாக இருக்கிறது என்று வந்ததே" என்று ஏ பிளாக் ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. காமாலைக் கிருமி உடலில் நுழைந்து நோய் தெரிய இரண்டிலிருந்து ஏழு வாரம் ஆகும், சராசரி நான்கு வாரம். நாம் சோதித்தது இன்றைய தண்ணீரை. குழந்தைகள் குடித்தது தீபாவளிக்கு முந்தைய தண்ணீரை.

இன்னொருவர், பிளீச்சிங் பவுடர் போட்டால் தீர்ந்தது என்றார். போட வேண்டும், சந்தேகமில்லை. 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் என்பது தோராயக் கணக்கு. நம் 60,000 லிட்டர் சம்ப்புக்கு 150 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். மூட்டையைத் திறந்து வைத்தால் வீரியம் போய்விடும். நம் வாட்ச்மேன் அறையில் இருக்கும் மூட்டை போன பொங்கலுக்குத் திறந்தது, அது இப்போது கோலமாவு. ஆனால் 1955-56-ல் டெல்லியில் நடந்ததைக் கேளுங்கள். வெள்ளத்தில் யமுனை தடம் மாறி, சாக்கடை நீர் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. அதிகாரிகள் குளோரினைக் கூட்டினார்கள். டைஃபாய்டு வரவில்லை. காமாலை வந்தது, ஏறத்தாழ 29,000 பேருக்கு. சாக்கடையைக் குடிநீருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருந்தை மட்டும் நம்பினால் இதுதான் நடக்கும்.

காலரா பழைய கதை என்றும் நினைக்க வேண்டாம். 1992 அக்டோபரில் ஒரு புதிய காலரா வகை தலைகாட்டியது. ஓ139 என்று எண், வங்கக் கடலோரத்தில் கிடைத்ததால் 'பெங்கால்' என்றும் பெயர் வைத்தார்கள். அது முதலில் தென்பட்ட நகரம் மெட்ராஸ்.

இப்போது இன்றைய தீர்மானம். தினம் இரண்டு கழிவுநீர் லாரி வருகிறது. காசு கொடுக்கிறோம், போய்விடுகிறது. "எதற்கு சார் சுத்திகரிப்பு நிலையத்தில் இவ்வளவு பணம் போடணும், லாரியே போதுமே" என்று பலர் நினைக்கிறீர்கள். லாரி எங்கே போகிறது என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா?

சித்திரையில் ஊர்த் திருவிழாவுக்கு விடியற்காலைப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டி தாண்டி, ஓர் ஓடைப் பாலத்தடியில் ஒரு கழிவுநீர் லாரி நின்று குழாயைத் திறந்துவிட்டிருந்தது. நம் வளாகத்துக்கு வரும் லாரிதான் என்று நான் சொல்ல மாட்டேன், நம்பர் பார்க்கவில்லை. இங்கிருந்து போகும் லாரி எந்த நிலையத்தில் கொட்டுகிறது என்பதற்கு நம்மிடம் ஒரு ரசீதுகூட இல்லை, அதை மட்டும் சொல்கிறேன். அந்த ஓடை கிழக்கே ஓடுகிறது. மழை வந்தால் பழவேற்காடு ஏரிக்குப் போகும்.

அந்த ஏரியில் இறால் பிடிக்க மீனவர்கள் 'பாடு' என்று முறை வைத்திருக்கிறார்கள். இன்ன நாள் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று சுற்றுமுறை. இருளர் பெண்கள் சேற்றில் உட்கார்ந்து கையாலேயே துழாவி இறால் பிடிப்பார்கள், கழுத்துவரை தண்ணீரில். திருவிழாவுக்கு வந்திருந்த என் அத்தை மகனிடம் லாரி விஷயத்தைச் சொன்னேன். "உங்க பட்டணத்துத் தண்ணி எறங்குனா எங்க பாட்டுல எறா நிக்காது மச்சான்" என்றான். பட்டணத்துத் தண்ணீர்! எங்கள் தாலுகாவில் கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகையில் 2020-ல் நீர்த்தேக்கம் திறந்ததே சென்னைக்குக் குடிதண்ணீர் தரத்தான். நல்ல தண்ணீர் வடக்கிலிருந்து வருகிறது, அழுக்குத் தண்ணீர் வடக்கே திரும்பிப் போகிறது. பக்கிங்காம் கால்வாயின் கதையும் இதுவே. 1806-ல் மெட்ராஸிலிருந்து எண்ணூர்வரை வெட்டினார்கள். 1876-78 பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாதவர்களைக் கொண்டு நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். விறகும் உப்பும் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகள் வடக்கிலிருந்து அதில் வந்தன. கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பைத்தான் நோய் வந்த வீட்டுச் சுவர்களுக்கு அடித்தார்கள். எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயரே சுண்ணாம்புக்குளம். இன்று அந்தக் கால்வாயில் நகரம் எதை அனுப்புகிறது என்று பேசின் பாலத்தில் ரயில் நிற்கும்போது மூக்கே சொல்லும்.

இன்னொன்று, இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. போன வருடம் தொட்டி அடைத்துக்கொண்டபோது, ஓர் ஆளை உள்ளே இறக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வாட்ச்மேன் மாட்டேன் என்று மூடியில் ஏறி நின்றுவிட்டார். அவருக்கு நாம் இன்னும் நன்றி சொல்லவில்லை. அந்தத் தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் சுருண்டுவிடுவார். 2013 சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குபவருக்கு முதல் தடவையே இரண்டு வருடம்வரை சிறை அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. சட்டத்துக்காகச் சொல்லவில்லை. உள்ளே போக இருந்தவருக்கு மகள் ஒன்பதாவது படிக்கிறாள்.

என் கோரிக்கை மூன்று. சம்ப்பின் கிழக்குச் சுவரை மழைக்கு முன் உடைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும், பூச்சு பூசி மறைப்பது வேண்டாம். சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூதியையும் மோட்டாரையும் மாற்றி ஓடவிட வேண்டும். அங்கேயும் அழுக்கைத் தின்பது நுண்ணுயிர்தான், காற்று நின்றால் இரண்டு நாளில் செத்துவிடும், அதனால் ஜெனரேட்டர் இணைப்பு லிஃப்டுக்கு மட்டும் இல்லாமல் இதற்கும் வேண்டும். அது ஓடும்வரை வரும் லாரிகளுக்கு உரிமம் இருக்கிறதா என்று பார்த்து, கொட்டிய இடத்தின் ரசீது வாங்கிய பிறகே பணம் தர வேண்டும்.

செலவுக் கணக்கைப் பொருளாளர் அம்மா படிப்பார்கள். அது கூடுதல்தான், ஒளிக்கவில்லை. வாடகைக்கு இருப்பவர்கள், நாங்கள் ஏன் தரணும் என்று கேட்கலாம், அதற்கும் அவர்களிடம் பதில் இருக்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்குச் சம்ப் காலியாக இருக்கும், மூடி திறந்திருக்கும். டார்ச் கொண்டுவருகிறேன். சந்தேகம் இருப்பவர்கள் வந்து விரிசலை எட்டிப் பார்த்துவிட்டு ஓட்டுப் போடலாம், ஓட்டு பத்து மணிக்குத்தான். குழந்தைகளைக் கூட்டிவர வேண்டாம், கைப்பிடி இல்லை.

 ஏ பிளாக் ஐயா கை தூக்குகிறார், கேளுங்கள் ஐயா.